மழை வருவதற்குள் ஒரு பதில்

ஏப்ரல் 9

வாலுவின் அம்மாவுக்கு,

இங்கே நானும் வாலுவும் நலம். அங்கே நீயும் உன் காடும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. அதுவும் நீ பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல். அங்கே நின்று நீ மூக்கை உறிஞ்சுவதை இங்கே சமையலறையில் நின்றபடி கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். கடல் தாண்டி ஓர் ஊரில், பல் செட் செய்யும் பெரிய லேப் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜன்னல் இல்லாத இந்த அறையில் உட்கார்ந்து யார் யாருடைய ஈறுகளுக்கோ அச்சு வார்த்து வார்த்து என் நுரையீரலே பாதி பிளாஸ்டராகியிருக்கும். அங்கே மேற்பார்வையாளர் வேலை. நடந்துபோகிற தூரத்தில் பள்ளிக்கூடம். ஆகஸ்டில் சேர வேண்டும். வருகிறேனா இல்லையா என்று ஜூன் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும்.

நீயும் வந்தால் மூன்று பேருமாகப் போகலாம். இதை ஒப்புக்கு எழுதவில்லை. ஆனால் ரேஞ்சர் வேலை கிடைத்துப் போனபோது "ஒரே வருஷம்தான், டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு வந்துடுவேன்" என்று சொன்னாய். மூன்று வருடமாகிறது. உன்னை இழுத்துப் பார்த்து எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

ஆகையால் கேட்கிறேன். நீ வராவிட்டாலும் வாலுவை நான் அழைத்துப்போகலாமா? உன் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டேன். அவளிடம் கேட்டேன். "ம்" என்றாள். பன்னிரண்டு வயதில் "ம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை.

ஆமாம் அல்லது இல்லை. இவ்வளவுதான் வேண்டும்.

இப்படிக்கு,
பல்லுக்காரன்


ஏப்ரல் 18

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் சாமான் வண்டியில் வந்தது. "உங்க வீட்டுக்காரர் எழுத்து மாதிரி இருக்கே, நல்ல சேதியா?" என்று வண்டி ஓட்டுநர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து படித்தேன். மறுபடி படித்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டேன்.

வாலுவுக்கு இருமல் விட்டதா? போன தடவை பேசும்போது தொண்டையில் ஏதோ கரகரப்பு கேட்டது. கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்கிறாள். நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்கள்.

இந்த வருடம் ஆறு வற்றியிருப்பதுபோல் நான் பார்த்ததே இல்லை. வளைவில் எப்போதும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் இடத்தில் பெரிய கல்தளம் ஒன்று வெளியே வந்திருக்கிறது. அதில் வரிசையாகக் குழிகள். யாரோ கடப்பாரையால் குத்தியிருக்கிறார்கள் என்று முதலில் ஆத்திரம்தான் வந்தது. குனிந்து பார்த்தேன். மூன்று விரல். அடுத்த குழியிலும் மூன்று விரல். நம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரியது.

மனிதன் என்ற பேச்சே இல்லாத காலத்தில் டைனோசர் ஒன்று இந்தச் சேற்றில் நடந்து போயிருக்கிறது. சேறு கல்லாகிவிட்டது, நடந்தது எங்கேயோ தூளாகிவிட்டது. ஓர் இடத்தில் அதற்குக் கால் வழுக்கியிருக்கிறது. விரல்கள் நீளமாக இழுபட்டு, பக்கத்தில் சேறு பிதுங்கி நிற்கிறது. அடுத்த அடி சற்றுத் தள்ளி, ஆழமாக. விழாமல் சமாளித்துவிட்டது. அதன் பக்கத்தில் அம்மைத் தழும்பு போல் சின்னச் சின்னப் புள்ளிகள். மழைத்துளி விழுந்த தடம். என்றோ ஒரு நாள் பெய்து நின்ற தூறல், இன்னும் அப்படியே இருக்கிறது.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கவலைதான் வந்தது. அந்தப் பிராணிக்கு அன்றைய கவலை வழுக்காமல் நடப்பது மட்டும்தான். அதன் உலகமே ஒரு நாள் முடியப்போகிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. இந்தப் பூமியில் அப்படி ஐந்து முறை பெரிய அழிவு வந்து போயிருக்கிறதாம். நமக்கோ எல்லாம் தெரிகிறது. மார்ச்சில் பூக்க வேண்டிய மரங்கள் இன்னும் மொட்டுக்கூட விடவில்லை. தெரிந்து என்ன செய்கிறோம்? வாலு என் வயதுக்கு வரும்போது எந்த ஆறு மிச்சம் இருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். வண்டி கிளம்புகிறது என்று ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார்.

அன்புடன்,
வாலுவின் அம்மா


ஏப்ரல் 29

காட்டுக்காரிக்கு,

நான் மகளைப் பற்றிக் கேட்டேன். பல கோடி வருடத்துக்கு முன் வழுக்கி விழப்பார்த்த ஒன்றைப் பற்றி நீ எழுதியிருக்கிறாய். அது சமாளித்துவிட்டதில் மகிழ்ச்சி. இந்த வீட்டிலும் இரண்டு பேர் தினம் வழுக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். குனிந்து பார்க்கத்தான் ஆளில்லை.

கோபத்தில் எழுதுகிறேன், தெரிகிறது. எழுதியதை அடித்துத் திருத்தாமல் விடுகிறேன்.

இருமல் பற்றிக் கேட்டாய். ஒரு வாரம் நல்ல காய்ச்சலோடு படுத்திருந்தாள். இப்போது சரியாகிவிட்டது, பள்ளிக்குப் போகிறாள். "அம்மாகிட்ட சொல்லாதப்பா, அப்புறம் அம்மா தூங்காது" என்றாள். உள்ளதைச் சொல்லச் சொன்னாய், சொல்லிவிட்டேன். இனி நீ தூங்காமல் கிடந்தால் அது என் பொறுப்பில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பார். வாலு கைக்குழந்தையாகத் தூங்கும்போது மூக்குக்குக் கீழே கண்ணாடியைப் பிடித்து ஆவி படிகிறதா என்று பார்ப்பாய். பஸ்ஸில் ஏறினால் உட்காருவதற்கு முன் கதவு எந்தப் பக்கம், எந்த ஜன்னல் திறக்கும் என்று பார்ப்பாய். சினிமா தியேட்டரில் பாதிப் படம் வெளியே போகும் வழியைத்தான் பார்த்தாய். பயந்தாங்கொள்ளி என்று நான் கேலி செய்வேன், நீயும் சிரிப்பாய். அப்படிப்பட்டவள் யானையும் பாம்பும் இருக்கிற இடத்தில் தனியாகப் போய் உட்கார்ந்தாய். எனக்கு அது இன்றுவரை விளங்கவில்லை. எங்களைப் பார்த்துப் பயந்து ஓடினாயோ என்றுகூட நினைத்ததுண்டு.

உன் கடிதத்தில் அந்தக் காலடி பற்றிய பக்கத்தை வாலு கேட்டு வாங்கிக்கொண்டாள். தட்டை எடுத்துத் தரையில் வைத்து மூன்று விரல் வரைந்துவிட்டாள். சாக்பீஸ் கறை போகவில்லை.

என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பல்லுக்காரன்


மே 8

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

காய்ச்சல் பற்றி எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னதுபோலவே தூங்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதுதான் சரி.

உங்களைப் பார்த்துப் பயந்து ஓடவில்லை. வீட்டில் இருந்தபோது எதற்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியாமல் பயந்தேன். குழாயில் தண்ணீர் சொட்டினாலும் பயம், போன் அடித்தாலும் பயம். இங்கே வந்த பிறகு பயத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது. அந்த மரக்கிளை விழும், இந்தப் பாதையில் பாம்பு இருக்கும், அந்தச் சரிவில் மண் இளகியிருக்கிறது. கவலைப்பட்டால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது, கிளையை வெட்டலாம், பாதையை மூடலாம். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் மூன்று வருடம் சொல்லாமல் இருந்தேன்.

இப்போது ஓர் உதவி. உங்களிடம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

அருங்காட்சியகத்துக்குப் படங்கள் அனுப்பினேன். நல்ல மனிதர்கள்தான், உடனே பதில் போட்டார்கள். அவர்களுடைய ஆட்கள் எல்லோரும் வேறோர் இடத்தில் தோண்டிக்கொண்டிருக்கிறார்களாம், மழைக்காலம் முடிந்துதான் வர முடியுமாம். மழைக்காலம் முடியும்போது இங்கே எதுவும் இருக்காது. கல்தளத்துக்கு மேலே வீட்டுச் சுவர் உயரத்துக்குக் களிமண் கரை நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு வெடிப்பு. போன வாரம் என் விரல் நுழைந்தது, இந்த வாரம் கை நுழைகிறது. அந்தக் கரை விழுந்து மூடினாலும் போயிற்று, ஆறு சரளையை உருட்டிக்கொண்டு வந்து தேய்த்தாலும் போயிற்று.

அதற்குள் ஒன்றிரண்டு தடத்துக்காவது அச்சு எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டர் மூட்டை ஒன்று கட்டட வேலைக்கு வந்தது கிடங்கில் கிடக்கிறது. எப்படிக் கலப்பது, எப்படி ஒட்டாமல் எடுப்பது? மேலதிகாரியிடம் வயர்லெஸ்ஸில் கேட்டால், "கல்லுதானேம்மா, விடுங்க. ஆத்துப் பக்கம் போய் நீங்க எதையாவது இழுத்து விட்டுக்காதீங்க" என்கிறார்.

உங்கள் கேள்வி என் மேஜை மேல்தான் இருக்கிறது. அதன்மேல் எதையும் வைக்கவில்லை.

அன்புடன்,
வாலுவின் அம்மா


மே 15

காட்டுக்காரிக்கு,

கட்டட பிளாஸ்டரா? கேட்கும்போதே எனக்குப் பல் கூசுகிறது. சரி, இருப்பதை வைத்துச் செய்.

கல்லை முதலில் மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய். பிறகு சோப்புக் கரைசல் பூசு, காய விடு, மறுபடி பூசு. இதை விட்டால் பிளாஸ்டர் கல்லோடு கல்யாணம் செய்துகொள்ளும், பிரிக்க முடியாது. சுற்றிலும் களிமண்ணால் வரப்பு கட்டு. தண்ணீரில் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றக் கூடாது. தயிர் பதம் வரும்வரை மெதுவாகக் கிளறு, வேகமாக அடித்தால் குமிழி வரும். ஓர் ஓரத்திலிருந்து ஊற்றி, தானாக ஓடிப் பரவ விடு. பாதி ஊற்றியதும் சாக்குத்துணியைக் கீற்றாகக் கிழித்து நனைத்து உள்ளே வை, இல்லாவிட்டால் தூக்கும்போது அப்பளமாக உடையும். பிளாஸ்டர் சூடேறும், பயப்படாதே. சூடு ஆறிக் குளிர்ந்த பிறகுதான் தொட வேண்டும். உன் அவசரத்துக்கு அது இறுகாது.

லேபில் புதிதாகச் சேருபவர்களுக்குக்கூட நான் இவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை.

இதெல்லாம் இருக்கட்டும். கரையில் வெடிப்பு, அதில் கை நுழைகிறது என்று எழுதுகிறாய். கையை எதற்கு நுழைத்தாய்?

வாலுவின் கடைசிப் பரீட்சை முடிந்தது. தினம் தபால்பெட்டியை முதலில் திறப்பது அவள்தான். உன் கடிதம் வந்தால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் படித்து மடித்து வைத்ததும் எதுவும் கேட்காமல் போய்விடுகிறாள். அந்த வேலை பற்றிப் பேச்செடுத்தால் அறையை விட்டே எழுந்துவிடுகிறாள். அவளுக்கு விருப்பமில்லையோ என்று எனக்கு இப்போது சந்தேகம்.

பல்லுக்காரன்


மே 24

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

தோற்றுவிட்டேன். நீங்கள் எழுதியது எழுதியபடி செய்தேன் என்றுதான் நினைத்தேன். பிளாஸ்டர் மூட்டை பழையது போலிருக்கிறது, ஈரம் குடித்துக் கட்டி கட்டியாக இருந்தது. சல்லடையில் சலித்துப் பார்த்தேன். ஊற்றியது மதியம்வரை இறுகவே இல்லை, மோர் மாதிரி நின்றது. சாயங்காலம் தூக்கினேன், நடுவில் பிளந்து பாதி கையோடு வந்தது, பாதி தடத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். ஒரு விரலின் ஓரம் லேசாகச் சிதைந்துவிட்டது. இத்தனை யுகம் இருந்ததை ஒரு மதியத்தில் நான் கெடுத்துவிட்டேன். உட்கார்ந்து அழுதேன். குரங்குகள் பார்த்துக்கொண்டிருந்தன.

மேற்கே மேகம் கட்டுகிறது. இன்னும் இங்கே துளி விழவில்லை, ஆனால் மேலே மலையில் எங்கேயோ பெய்கிறது. ஆற்றின் வாசனை மாறியிருக்கிறது. ஈரக் கரியின் வாசனை. வெடிப்பில் கையை நுழைத்தது அளந்து பார்க்கத்தான். இனி நுழைக்க மாட்டேன். நுழைக்கவும் வேண்டாம், இப்போது தூரத்தில் நின்றாலே தெரிகிறது.

நடந்து நடந்து ஒன்று யோசித்தேன். அழிந்துபோனவை எல்லாம் ஏதோ தப்பு செய்ததால் அழிந்தன என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். மூளை சின்னது, உடம்பு பெரியது, அதனால் போயிற்று என்று. அப்படி இல்லை. அவை நம்மைவிட நெடுங்காலம் நன்றாகத்தான் வாழ்ந்தன. காலடியில் உலகம் மாறிவிட்டது, அவ்வளவுதான். எவ்வளவு பத்திரமாக நடந்தாலும் மாறிவிடுகிறது. இது எனக்கு ஆறுதலா, பயமா என்று தெரியவில்லை.

உங்களுக்கு மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். "இல்லை" என்று எழுதினால் நீங்களும் அவளும் அந்த ஊரிலேயே அடைந்து கிடப்பது என்னால்தான் என்று ஆகும். "ஆமாம்" என்று எழுதக் கை வரவில்லை. அவளுக்கே விருப்பமில்லையோ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
வாலுவின் அம்மா


மே 29

காட்டுக்காரிக்கு,

நீளமாக எழுத நேரமில்லை. லேபிலிருந்து நல்ல பிளாஸ்டர், பற்களுக்கு ஊற்றுகிற கெட்டி ரகம், வாங்கிவிட்டேன். லீவு சொல்லியாயிற்று. அடுத்த சாமான் வண்டியில் நானும் வாலுவும் வருகிறோம். ஓர் அச்சு எடுப்போம். எடுத்துக்கொண்டே நீ எனக்குப் பதில் சொல்லு. நேருக்கு நேர் நின்றால் ஹாரன் அடிக்க எந்த ஓட்டுநரும் இருக்க மாட்டார்.

இதைப் படித்ததும் வேண்டாம் என்று எழுத உட்காராதே. அந்தக் கடிதம் வருவதற்குள் நாங்கள் வந்துவிடுவோம்.

பல்லுக்காரன்


ஜூன் 12

வாலுவின் அம்மாவுக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். வாலுவின் முழங்கால் சிராய்ப்பு காய்ந்துவிட்டது. எனக்குத்தான் எதுவும் காயவில்லை.

இரண்டு நாளாக வேலைக்குப் போகிறேன், இரண்டு நாளும் அச்சுகளைக் கெடுத்தேன். கை நடுங்குகிறது. "என்ன, நரம்புத் தளர்ச்சியா?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார். என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் எழுத முடியும், நீதான் அங்கே இருந்தாய்.

எல்லாம் என் பிடிவாதம். முதல் அச்சு அருமையாக வந்ததும் எனக்குத் தலை கால் புரியவில்லை. அதைத் தூக்கிக் கொண்டுபோய் மேட்டில் வைத்தபோதே நீ சொன்னாய், "போதும், இதோட கிளம்பலாம்." நான்தான், "அந்த வழுக்கினதுதான் முக்கியம்னு நீதானே எழுதினே? இன்னும் அரை மணி நேரம். சும்மா பயப்படாதே" என்றேன். வானம் நம் தலைக்கு மேல் நீலமாக இருந்தது. மேலே மலையில் பெய்வது எனக்கு என்ன தெரியும்?

மேட்டில் நிற்கச் சொன்ன வாலு வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்ததை நான் கவனிக்கவில்லை. நான் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "தண்ணி கலங்குது" என்றாய். காபி கேட்பது மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. பார்த்தேன், தண்ணீர் பழுப்பாகியிருந்தது, இலையும் நுரையும் மிதந்து வந்தன. "அப்படியே போட்டுட்டு எழுந்திருங்க" என்றாய். "ஐயோ, இறுகிட்டிருக்கே, இப்ப விட்டா வீணாயிடும்" என்று நான் சொன்னேன். நம் மகள் அந்தக் களிமண் கரைக்கு நேர் கீழே நிற்கிறாள், கரையிலிருந்து சின்னச் சின்னக் கற்கள் உதிர்கின்றன, நான் பிளாஸ்டரைப் பற்றிப் பேசுகிறேன்.

நீ கத்தவில்லை. அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கி என் கையில் கொடுத்து, "புடிங்க. அந்தப் பக்கம் இல்ல, பாறை வழியா" என்றாய். வந்த வழி பக்கத்திலேயே இருந்தது. நான் என்றால் அதில்தான் ஓடியிருப்பேன். அந்த வழியில்தான் கரை முழுசாக விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. திரும்பிப் பார்த்தபோது வாளி இல்லை, கல்தளம் இல்லை, நாம் நின்ற இடம் இல்லை.

மேட்டில் உட்கார்ந்து நான் கிடுகிடு என்று ஆடிக்கொண்டிருந்தேன். நீ தண்ணீர் கொடுத்து, வாலுவின் காலைத் துடைத்து, அச்சை என் சட்டையால் மூடிக் கட்டிக்கொண்டிருந்தாய். "உனக்குப் பயமாவே இல்லையா?" என்று கேட்டேன். நீ சொன்னது நினைவிருக்கிறதா? "நான் பயந்து முடிச்சுட்டேங்க. ரெண்டு மாசமா தினம் அங்க நின்னு பயந்தேன். விழுந்தா எந்தப் பக்கம் விழும், எப்படி ஓடணும்னு எல்லாம் அப்பவே பார்த்து வெச்சுட்டேன்."

உன்னை இத்தனை வருடமாகப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டு வந்திருக்கிறேன். நான் தைரியசாலி இல்லை, எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அங்கே உன்னிடம் பதில் கேட்க வாய் வரவில்லை. வண்டியில் திரும்பி வரும்போது நானே முடிவு செய்துவிட்டேன். அந்த வேலை வேண்டாம். கையிலிருக்கும் குழந்தையையே பார்க்கத் தெரியாதவன், தெரியாத ஊருக்கு எப்படிக் கூட்டிப்போவது? வாலுவுக்கும் விருப்பமில்லை. மாத முடிவில் அவர்களுக்கு எழுதிவிடுகிறேன். இங்கேயே இருப்போம். நீ நிம்மதியாக இரு.

வாலுவின் அப்பா


ஜூன் 18

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

அவர்களுக்கு எழுதிவிடாதீர்கள். எழுதியிருந்தால் உடனே இன்னொன்று எழுதுங்கள்.

முதலில் அருங்காட்சியகச் செய்தி. நம் அச்சின் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தலைமை அலுவலகத்துக்கே போய் அங்கிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள். அதை வண்டியில் அனுப்ப வேண்டாம், தாங்களே வந்து எடுத்துப்போகிறோம் என்றார்கள். "யார் வார்த்தது? இவ்வளவு சுத்தமா இருக்கே" என்று கேட்டார்கள். "என் வீட்டுக்காரர்" என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. வழுக்கிய தடம் மண்ணுக்கடியில் போய்விட்டது. அதற்காக நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தேன். இல்லை.

இப்போது வாலு விஷயம். நீங்கள் கிளம்பின காலையில் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். நானும் அவளும் பின்பக்கம் சேற்றுத் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தோம். அவள், "அம்மா, ஒண்ணு சொன்னா அழமாட்டியே?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன்.

"எனக்கு அந்த ஊருக்குப் போகணும்மா. ரொம்ப ஆசையா இருக்கு. அந்த ஸ்கூல்ல நீச்சல் குளம் இருக்கு, நான் படம் பார்த்தேன். அப்பாகிட்ட சொன்னா அப்பா உனக்கு எழுதிடும். நீ சாப்பிடமாட்ட, தூங்கமாட்ட. அதான் யார்கிட்டயும் சொல்லல."

ஏப்ரலிலிருந்து அந்தக் குழந்தை இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு தபால்பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். உங்களிடம் "ம்" என்று சொன்னது, அறையை விட்டு எழுந்துபோனது, எல்லாம் விருப்பமில்லாமல் இல்லை. என் பயத்துக்குப் பயந்து. காய்ச்சலை மறைத்தாள், ஆசையை மறைத்தாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் என்னிடம் எதையுமே சொல்லாத ஒரு பெண்ணாகத்தான் வளர்ந்திருப்பாள். கரை விழுந்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

அவள் முன்னால் நான் அழவில்லை. உங்கள் சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தேன். அவள்தான், "அம்மா, அதுல தண்ணியே இல்ல" என்றாள்.

உங்களிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். வண்டி நின்றுகொண்டிருந்தது. எனக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது, மன்னியுங்கள்.

என் பதில் ஆமாம். அழைத்துப்போங்கள்.

உங்களுக்குக் குழந்தையைப் பார்க்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று அவளைத் தூக்கி உங்கள் கையில் கொடுத்தபோது நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எதை எடுத்தாலும் நூறு தடவை யோசிக்கிறவள் நான். நீங்கள் அவளைக் கீழே விடாமல் அந்த வழுக்குப் பாறை மேலே ஏறினீர்கள். கை நடுங்கியது எல்லாம் அதற்குப் பிறகுதான். நடுங்கினால் நல்லதுதான், இனி நீங்களும் பஸ்ஸில் ஏறினால் கதவைப் பார்ப்பீர்கள்.

என்னையும் வரச் சொன்னீர்கள். ஒப்புக்கு இல்லை என்றும் தெரியும். நான் வரவில்லை. உங்கள் மேல் கோபத்தால் இல்லை. வேறு எங்கே இருந்தாலும் நான் ஒரு தொல்லை, இங்கே என் கவலை யாருக்காவது உதவுகிறது. அடுத்த மாதம் ஆற்றோரப் பாதை முழுவதையும் மாற்றிப் போட வேண்டும். அந்தக் கரை விழுந்த பிறகு மேலதிகாரி நான் சொன்னதெல்லாம் கேட்கிறார். வருடத்துக்கு ஒரு மாதம் எனக்கு விடுப்பு உண்டு, மூன்று வருடமாக எடுக்கவில்லை. குளிர்காலத்தில் வருகிறேன். எனக்கு ஒரு கட்டில் போடுங்கள். எந்த அறையில் என்பதை வந்து பேசிக்கொள்ளலாம்.

நீச்சல் குளத்தில் ஆழம் எவ்வளவு என்று கேளுங்கள். காவலுக்கு ஆள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். அவளுக்குக் காது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், குளித்ததும் துடைக்கச் சொல்லுங்கள். அங்கே குளிர் அதிகம் என்றால் மேல்கோட்டு ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், அவள் வளர்ந்துகொண்டே இருக்கிறாள். இன்னும் எழுதுவேன், நிறுத்திக்கொள்கிறேன்.

அவளிடம் நீங்களே சொல்லுங்கள். அம்மா அழுதாளா என்று கேட்பாள். இல்லை என்று சொல்லாதீர்கள். அழுதாள், அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள் என்று உள்ளதை அப்படியே சொல்லுங்கள்.

அன்புடன்,
வாலுவின் அம்மா